கிணற்றுக்குள் இரண்டு பொத்தான்

பதினான்கு தாள்களையும் பமேலா மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். பரப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசாமல் இருந்தாள். பமேலா பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அந்த ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் ஏதோ ஐம்பது பேர் என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தமே மூன்று பேர். பமேலா, அவள் தம்பி லியோனல், அப்புறம் வாணி.

மலாக்கா டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கீழே தகரம் வெட்டினால் மேலே பேச்சு நின்றுவிடும். அங்கே உட்கார்ந்துதான் அக்காவும் தம்பியும் மூன்று வருஷமாக ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். கையில் பிடித்து விளையாடுகிற சின்ன செட்டுக்கான விளையாட்டு. பெயர் ‘பெரிகி’. மலாயில் பெரிகி என்றால் கிணறு. ஒரு பெண் கத்தியும் கையுமாக ஒரு பாழுங்கிணற்றுக்குள் இறங்குவாள். கிணற்றுக்கு அடியில் அடுக்கடுக்காக இருபது அடுக்கு. அடுக்குக்கு அடுக்கு பேய், பூதம், புதையல். அடிப்பாள், கிடைத்ததைப் பொறுக்கிப் பையில் போடுவாள், இன்னும் கீழே இறங்குவாள். கதை அவ்வளவுதான். காதால் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஓர் அடுக்கு ஆடிப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது.

விளையாட்டு நான்கு மொழியில் வரப்போகிறது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ். அந்தத் தமிழ் வாணியுடையது. தஞ்சோங் கிளிங்கில் குடியிருக்கிற வாணி, கிளினிக் அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், தண்ணீர்க் கட்டணத் துண்டுத்தாள் என்று எது வந்தாலும் தமிழாக்கிக் கொடுப்பவள். முதன்முதலில் பமேலாவின் சர்ச் விழாவுக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுக்கத்தான் இந்த மாடிப்படி ஏறினாள். மேசைமேல் இருந்த செட்டைப் பார்த்துவிட்டு, இதில் தமிழ் இல்லையா என்று வாயை விட்டுக் கேட்டாள். கேட்டவள் தலையிலேயே வேலை விழுந்தது. பதினான்கு மாதம், இரண்டாயிரத்து முந்நூறு வரி. கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும் கிழவர் பேசுவதிலிருந்து, செத்துப்போகிற பேய் கடைசியாக முனகுவது வரை அவள் எழுதியதுதான்.

இப்போது மேசைமேல் கிடந்த பதினான்கு தாளும் தமிழில் ஆடிப் பார்த்தவர்கள் எழுதி அனுப்பியவை. தாளில் இரண்டே கட்டம். மேலே நிறை, கீழே குறை.

நிறைக் கட்டம் நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் வழி மாறிவிடுகிறது, அதனால் அலுக்கவில்லை என்று ஒருவர். ஓர் அடுக்கு ஐந்து நிமிஷம்தான், பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று ஒருவர். கத்தி வீசும்போது செட் கையிலேயே அதிர்கிறதாம், அது நன்றாக இருக்கிறதாம். பேய் வருவதற்கு முன்னால் எங்கோ தூரத்தில் உறுமி மாதிரி ஒரு சத்தம் கேட்கிறதே, அது பயமாக இருக்கிறது என்று செர்காமிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதையும் அவர் நிறையில்தான் எழுதியிருந்தார்.

குறைக் கட்டத்தில் சில்லறை விஷயங்கள் இருந்தன. எழுத்து பொடியாக இருக்கிறது, பை சின்னது, இப்படி. அதெல்லாம் மற்ற மொழிக்காரர்களும் சொன்னதுதான். ஆனால் ஒன்பது தாளில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. ஒன்பது கையெழுத்து, ஒரே சேதி.

‘வெளியே வந்தா எல்லாம் போயிடுது.’

பாடுபட்டு ஐந்தாறு அடுக்கு இறங்கி, பூதத்தை அடித்து, பையை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தால் பை காலி. இறங்கின கணக்கும் இல்லை, எல்லாம் முதலிலிருந்து. மலாயில் ஆடியவர்களுக்கு இப்படி ஆகவில்லை. ஆங்கிலத்தில் இல்லை, சீனத்தில் இல்லை. தமிழில் மட்டும்.

கடைசிப் பிரதியை வெளியிடப்போகும் கோலாலம்பூர் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தகராறு பண்ணுகிற மொழி எதுவாக இருந்தாலும் எடுத்துவிட்டு அனுப்புங்கள், பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். பிற்பாடு என்றால் இந்தத் தொழிலில் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும். பிற்பாடு வந்த மொழி ஒன்றும் கிடையாது.

கீழே தகரம் வெட்டுவது நின்றதும் பமேலா வாயைத் திறந்தாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள இது என்னன்னு தெரியணும் வாணி. தெரியலைன்னா தமிழை எடுத்துட்டுத்தான் அனுப்புவேன். மனசுல வச்சுக்காத.”

வாணிக்குச் சுருக்கென்றது. பதினான்கு மாதம் கண் முன்னால் ஓடியது. யோசிக்காமல் பேசினாள். “தமிழ்ல ஒரு புள்ளி தப்பு இல்லைக்கா. ஒவ்வொரு வரியும் மூணு தடவை பாத்திருக்கேன். பையில உள்ளத பத்திரமா வைக்கிறது லியோனல் வேலை. அங்க பாருங்க.”

லியோனல் வாதாடுகிற ஆள் இல்லை. காது மட்டும் சிவந்தது. மடிக்கணினியைத் திறந்து வேலையில் குனிந்துகொண்டான்.

லியோனலுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. படித்தது மலாய்ப் பள்ளிக்கூடத்தில். தமிழ் அவனுக்கு அம்மாவோடும் சர்ச்சிலும் பேசுகிற பேச்சு, அவ்வளவுதான். அதனால் அந்த ஒன்பது தாளையும் வாணிதான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். வெளியே வரும்போது எல்லாம் போய்விடுகிறது என்று. அவனும் கிணற்றை விட்டு வெளியே வருகிற வாசலையே தோண்டத் தொடங்கினான்.

செவ்வாய் முழுக்கத் தோண்டினான், புதன் முழுக்கத் தோண்டினான். தமிழ்ப் பிரதியைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவான், நான்கு பேயை அடிப்பான், வெளியே வருவான். பை பத்திரமாக இருக்கும். மறுபடியும் இறங்குவான், வெளியே வருவான். இருக்கும். இருநூறு தடவை ஆயிற்று. ஒரு தடவைகூட ஒரு சாமான் குறையவில்லை. புதன்கிழமை மத்தியானம், தமிழ் எழுத்துக்கு இடம் அதிகம் பிடிக்குமே, அதனால் எங்காவது இடிக்குமோ என்று மெதுவாக வாணியிடம் கேட்டான். எழுத்தின்மேல் பழி போடாதே என்று அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவன் சொந்த வீட்டுக்குள்ளேயே சாவியைத் தொலைத்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ரொட்டிச்சானாய் பொட்டலத்தைப் பிரித்தான். பிரித்தவன் சாப்பிட மறந்தான்.

வாணிக்கு அதைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது, அவன்மேல் கோபமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்தால் ஆபீசில் உட்கார முடியாது. தாள்களை அள்ளிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பதினான்கில் நீளமான தாள் லூபோக் சீனாவிலிருந்து வந்தது. பெயர் திலகவதி, தொழில் தையல். கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதி, ஓரத்திலும் எழுதியிருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது: ‘மூணு தடவை எட்டாவது அடுக்கு வரைக்கும் இறங்கினேன், மூணு தடவையும் ஹபிஸ். இருந்தாலும் விட மாட்டேன்.’

ஹபிஸ் என்றால் தீர்ந்தது. இந்த ஊரில் அரிசி தீர்ந்தாலும் ஹபிஸ்தான், ஆயுள் தீர்ந்தாலும் ஹபிஸ்தான். மூன்று தடவை ஹபிஸ் ஆகியும் விடாத இந்த அம்மா ஆடுவதை நேரில் பார்த்தால் லியோனலின் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும் என்று வாணி நினைத்தாள். போன் போட்டாள். அந்த அம்மா, பாசாருக்குக் காய் வாங்கப் போய்விட்டு வந்து பத்து மணிக்குத்தான் கடை திறப்பேன், அப்புறம் எப்ப வேண்டுமானாலும் வா என்றார்கள்.

வியாழக்கிழமை காலை கடலோரச் சாலையைப் பிடித்து, மஸ்ஜித் தானா தாண்டி, இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செம்பனை நிற்கிற ரோட்டில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். லூபோக் சீனா சின்ன ஊர். ஆற்றைத் தாண்டினால் வேறு மாநிலம். கடை வரிசையில் மூன்றாவது கடை. ‘வதி டைலர்’ என்று மலாயிலும் தமிழிலும் போர்டு.

திலகவதிக்கு ஐம்பது இருக்கும். கழுத்தில் அளவு டேப், நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த அம்மா கால் முறிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று தங்கச்சி ஒரு செட் வாங்கிக் கொடுத்தாளாம். கால் சேர்ந்துவிட்டது, செட்டும் கையோடு சேர்ந்துவிட்டது. இப்போது இருப்பது மூன்றாவது செட். தையல் மிஷின் பக்கத்தில், நூல்கண்டுப் பெட்டிக்குள், கத்தரிக்கோலோடு அதுவும் கிடந்தது.

வாணி நோட்டைப் பிரித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்ததைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொண்ணு பாக்க வந்தவ மாதிரி உக்காராதம்மா. மைலோவ குடி. நல்லத முதல்ல சொல்றேன், நொட்டைய அப்புறம் சொல்றேன்.”

நல்லதற்குக் குறைவில்லை. ஒரு பிளவுஸுக்கு ஒரு கை தைத்து முடித்தால் ஓர் அடுக்கு, அடுத்த கை தைத்து முடித்தால் அடுத்த அடுக்கு என்று கணக்கு வைத்து ஆடுகிறார்களாம். அப்படித் துண்டு துண்டாக ஆட விடுகிற விளையாட்டு குறைவு, மற்றதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாது. கத்தியின் கனம் கையில் தெரிகிறது. பெரிய கத்தி எடுத்தால் மெதுவாகத்தான் வீச முடியும், சின்னது எடுத்தால் வேகம், ஆனால் பூதத்துக்கு உறைக்காது. யோசித்து எடுக்க வேண்டியிருக்கிறது. அது பிடித்திருக்கிறது. பேய்கள் பேசுகிற தமிழ் நம்முடைய ஆட்கள் பேசுகிற மாதிரியே இருக்கிறது, யார் எழுதினார்களோ தெரியவில்லை, அந்த மூன்றாவது அடுக்கு மோகினி பேசுவது அசல் எங்கள் நாத்தனார் மாதிரி என்றார்கள். வாணி நோட்டுக்குள் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

அப்புறம் நொட்டை. வாசலில் உட்கார்ந்திருக்கிற கிழவர் ஒவ்வொரு தடவையும் அதே புத்திமதியைச் சொல்கிறார், தாண்டிப் போக வழியில்லை. தூணுக்குப் பின்னால் போனால் நம் ஆளே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐந்தாவது அடுக்குப் பூதம் சோம்பேறி, தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டால் அந்தப் பக்கம் வராது, கல்லெறிந்தே கொன்றுவிடலாம். பன்னிரண்டு சாமான்தான் பை பிடிக்கிறது, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு யார் பாசாருக்குப் போவார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, செட்டை வாணியின் மூக்குக்கு நேராக நீட்டி, கிணற்றுச் சுவரைக் காட்டினார்கள்.

“இத பாத்தியா. சுவத்துல பூ டிசைன் ஒட்டு சேரலை. இங்க பாதிப் பூ நிக்குது, அங்க பாதி தள்ளி ஆரம்பிக்குது. நான் இப்படி ஒரு பாவாடை தைச்சுக் குடுத்தா மூஞ்சிலயே வீசுவாங்க.”

எத்தனையோ பேர் பார்த்த சுவர். ஒருத்தர் கண்ணிலும் அது பட்டதில்லை. தையல்காரி கண்ணில்தான் பட்டிருக்கிறது. வாணி அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு ஆடிக் காட்டச் சொன்னாள். திலகவதி கண்ணாடியை இறக்கிக்கொண்டார்கள். ஆட்டம் பார்க்கவே அழகாக இருந்தது. இரண்டு கட்டைவிரலும் தறியில் நாடா போகிற மாதிரி போய்வந்தன. முதல் அடுக்கு, இரண்டாவது, நாத்தனார் மோகினி, சோம்பேறிப் பூதம், எல்லாம் தாண்டி ஆறாவது அடுக்கில் ஒரு பெட்டியை உடைத்தார்கள். உள்ளே தங்கக் கொலுசு. அதைப் போட்டுக்கொண்டால் கால் வேகம் இரண்டு மடங்கு ஆகும், லேசில் கிடைக்காது. பையில் போட்டுக்கொண்டு, இதற்குத்தான் இத்தனை நாளாக அலைந்தேன் என்றார்கள்.

அந்த நேரத்தில் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பாஜு கூரோங் தைக்கக் கொடுத்திருந்த மலாய்க்கார அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். திலகவதி அவசரமாகத் தன் ஆளை ஏணியடிக்கு ஓடவிட்டார்கள். ஏணியைத் தொட்டதும் திரையில் இரண்டு பொத்தான் வந்தது. விரலால் ஒன்றைத் தொட்டுவிட்டு, யாரோ எதிரில் நிற்கிற மாதிரி வாய்க்குள் என்னவோ சொல்லிவிட்டு, செட்டை நூல் பெட்டியில் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

வாணி செட்டை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பெண் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். வாணி பையைத் திறந்தாள். காலி. கொலுசு இல்லை, கத்தி இல்லை, ஒன்றும் இல்லை.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது, லியோனலின் ஓட்டை இதோ இருக்கிறது, தமிழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மனசு துள்ளியது. பாஜு கூரோங்குக்கு இடுப்பு அளவு, கை அளவு என்று அங்கே டேப் ஓடிக்கொண்டிருந்தது. இவள் மடியில் செட்டை வைத்துக்கொண்டு, பார்த்ததை மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டினாள். ஏணி. இரண்டு பொத்தான். விரல். விரல் மேலே போகவில்லையே, கீழே அல்லவா போனது. வாய்க்குள் என்ன சொன்னார்கள்?

துள்ளிய மனசு அப்படியே நின்றுவிட்டது.

மலாய்க்கார அம்மாவின் கார் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தாள்.

“அக்கா, கடைசியா எதை அமுக்கினீங்க?”

“வெளிய வர்றதத்தான்.”

“ரெண்டு இருக்குமே.”

“ஆமா. மேல ‘போறேன்’னு ஒண்ணு, கீழ ‘வரேன்’னு ஒண்ணு. நான் ‘வரேன்’தான் அமுக்குவேன்.”

“ஏன்க்கா, ‘போறேன்’ அமுக்கலாம்ல?”

திலகவதி கண்ணாடிக்கு மேலாக அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். “என்னம்மா கேக்கிற நீ. கிளம்புறப்ப யாராச்சும் போறேன்னு சொல்லுவாங்களா? அதுவும் கிணத்துக்குள்ள நின்னுக்கிட்டு?”

வாணி மடியில் இருந்த செட்டைப் பார்த்தாள்.

“யாரோ ஒரு கிறுக்கு அந்த வார்த்தைய எழுதி வச்சிருக்கு. தெரியாமக்கூட அதுமேல விரல் பட்டுடக் கூடாதுன்னு நான் அந்தப் பக்கமே போறதில்ல.”

நடந்தது இதுதான். லியோனல் தயாரித்துக் கொடுத்த பட்டியலில் அந்த இடத்தில் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொல் இருந்தது. ஒன்றுக்கு வெளியேறு என்று அர்த்தம், அதைத் தொட்டால் பையோடு பத்திரமாக மேலே வரலாம். இன்னொன்றுக்குத் திரும்பு என்று அர்த்தம். திரும்பு என்றால் தொடங்கின கிணற்று மேட்டுக்கே திரும்பு, எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கு. அந்த விளக்கமெல்லாம் வாணிக்குக் கொடுத்த பட்டியலில் இல்லை. திரும்பி வரேன் என்று முதலில் எழுதினாள். சின்ன செட், சின்னத் திரை, பொத்தானில் நான்கைந்து எழுத்துக்குமேல் பிடிக்காது. வெட்டினாள். போறேன், வரேன். அளவாகப் பொருந்தியது. பக்கத்துக் கட்டத்தில் மலாய் எழுதியவர் ‘ஊலாங்’ என்று, அதாவது மறுபடியும் என்று, விவரமாகப் போட்டிருந்ததை எட்டிப் பார்த்திருந்தால்கூடப் பிடித்திருக்கலாம். பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ தடவை தானே ஆடிப் பார்த்தாள், அப்போதும் தெரியவில்லை. தமிழ் வருவதற்கு முன்பே மாதக்கணக்கில் ஆங்கிலத்தில் ஆடிப் பழகிய விரல், மேல் பொத்தானை எழுத்தைப் பார்க்காமலே தொட்டது. தவறாமல் தப்பித்த அந்த ஐந்து பேரும் அப்படிப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள். வார்த்தையைப் படித்து ஆடிய ஒன்பது பேர்தான் தொலைத்திருக்கிறார்கள்.

“அந்தக் கிறுக்கு நான்தான்க்கா” என்றாள் வாணி.

திலகவதி கையை நீட்டினார்கள். “அப்ப என் கொலுச குடு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். வாணிக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வரேன்க்கா என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதுக்கே கேட்டது. முப்பத்துநான்கு வருஷமாக ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்கிற வார்த்தை.

திரும்பி வருகிற வழியில் செம்பனை மரங்களுக்கு நடுவே மனசு வேறு ஒரு கணக்குப் போட்டது. பட்டியலில் இரண்டு கட்டத்தை மாற்றினால் போதும். வீட்டுக்குப் போய், இரண்டு நிமிஷ வேலை. சில வரிகளைச் சீர்படுத்தியிருக்கிறேன் என்று லியோனலுக்கு அனுப்பிவிடலாம். நாளைக்கு ஆடிப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தொலையாது. மூன்று நாளாகத் தான் நோண்டியதில் ஏதோ ஒன்று சரியாகிவிட்டது என்று லியோனல் நினைத்துக்கொள்வான். தமிழும் தங்கும். யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. தமிழில் ஒரு புள்ளி தப்பு இல்லை என்று திங்கட்கிழமை சொன்ன சொல் மட்டும் அவன் காதில் அப்படியே சிவந்துகொண்டு கிடக்கும்.

தஞ்சோங் கிளிங் வந்தது. வீட்டுக்குத் திரும்புகிற சந்தில் சிக்னல் விளக்கைக்கூடப் போட்டுவிட்டாள். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் விலகி, தாண்டிப் போனார். விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. வாணி அதை நிறுத்திவிட்டு நேராக டவுனுக்கு ஓட்டினாள்.

லியோனல் அதே இடத்தில் அதே மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தான். பமேலா போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடிக்கும்வரைகூட வாணி பொறுக்கவில்லை.

“லியோனல், அத மூடிடு. உன் பக்கம் ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது.”

பமேலா போனை வைத்தாள். லியோனல் மூடவில்லை, நிமிர்ந்து பார்த்தான்.

“காலைல வீட்ட விட்டுக் கிளம்புறப்ப உங்கம்மாகிட்ட என்ன சொல்லுவ?”

“வரேன்மான்னு சொல்லுவேன்.”

“போறேன்னு சொன்னா?”

“செருப்பு வரும்.” சொல்லிவிட்டு, எதற்கு இந்தக் கேள்வி என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

வாணி செட்டை எடுத்து, ஏணியடிக்குப் போய், இரண்டு பொத்தானையும் அவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். மேலே போறேன். கீழே வரேன். லியோனல் திரையைப் பார்த்தான், தன் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு அந்த மூன்று நாளில் முதல்தடவையாகச் சிரித்தான். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது.

“எனக்குப் படிக்கத் தெரியாதுலா. எடத்தப் பாத்து அமுக்கினேன், இருநூறு தடவையும். படிக்கத் தெரிஞ்சிருந்தா முதல் நாளே தொலைச்சிருப்பேன்.”

பமேலாவும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். வாணியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. திங்கட்கிழமை பேசியதற்கு, அக்கா முன்னாலேயே, மன்னிப்புக் கேட்டாள். லியோனலுக்கு அது சங்கடமாகிவிட்டது. தன்மேலும் தப்பு இருக்கிறது என்றான். ஒருத்தர் அரைமணி நேரம் பாடுபட்டுச் சேர்த்ததைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் கொள்ளாமல் போடுகிற மாதிரி செய்து வைத்தது தான்தானே என்றான். ஆங்கிலத்தில் ஆடியவர்களும் அவசரத்தில் என்றைக்காவது தொட்டிருப்பார்கள், வெளியே சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்றான்.

மாற்றுவது பெரிய வேலையாக இல்லை. மேல் பொத்தானில் வரேன். பையோடு பத்திரமாக வெளியே வருகிற பொத்தான் அதுதான், வேறு எதுவும் அங்கே உட்கார முடியாது. கீழ்ப் பொத்தானில் ‘மறுபடி’. நான்கு எழுத்து, பொருந்தியது. அதைத் தொட்டால், பையில் இருப்பதெல்லாம் போய்விடும், பரவாயில்லையா என்று நான்கு மொழியிலும் கேட்கும்படி லியோனல் செய்தான். போறேன் என்ற சொல் விளையாட்டில் வேறு எங்காவது இருக்கிறதா என்று வாணி இரண்டாயிரத்து முந்நூறு வரியையும் அலசினாள். ஒரே ஒரு இடத்தில் இருந்தது. மோகினி செத்துப்போகும்போது சொல்கிறாள். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பமேலா சிரித்தாளே ஒழிய, இளகிவிடவில்லை. வார்த்தை சரி என்று வாணி திங்கட்கிழமையும்தான் சொன்னாள். தொலைத்த ஒன்பது பேருக்கும் புதுப் பிரதியை அனுப்பு, அவர்கள் வாயால் சொல்லட்டும் என்றாள். முக்கியமாக அந்தத் தையல்கார அம்மா சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டு சேரவில்லை என்று கண்டுபிடித்த கண் இதையும் பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பதில் வரத் தொடங்கியது. செர்காம்காரர் முதலில். பை இருக்கிறது, உறுமிச் சத்தம் இன்னும் பயமாக இருக்கிறது. மத்தியானத்துக்குள் ஆறு பேர். மூன்று மணிக்கு எட்டு. எட்டுப் பேருக்கும் ஒன்றும் தொலையவில்லை. லூபோக் சீனாவிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. வாணி இரண்டு தடவை போன் போட்டாள், எடுக்கவில்லை. நான்கு மணி ஆயிற்று. பமேலா அனுப்ப வேண்டிய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நான்கு மொழிக்கு எதிரே இருந்த நான்கு கட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழுக்கு எதிரே மட்டும் கட்டம் காலி.

நான்கு இருபதுக்குக் குரல் செய்தி வந்தது. வாணி போனை மேசை நடுவில் வைத்தாள். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தோடு திலகவதியின் குரல்.

“லேட்டாயிடுச்சும்மா. ஒரு தடவை வந்தா நம்புற ஆள் நான் இல்ல. மூணு தடவை எறங்கி மூணு தடவையும் வரேன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். பை அப்படியே இருக்கு. எட்டாவது அடுக்கையும் தாண்டிட்டேன். கொலுசு இன்னும் கெடைக்கல. குறை எழுதிக்கோ. பை சின்னது. கெழவர் வாய மூட மாட்டேங்கிறாரு. சோம்பேறிப் பூதம் அங்கயேதான் நிக்குது. சுவத்துல ஒட்டு இன்னும் சேரல.”

பமேலா முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, இந்தக் குறையெல்லாம் நான்கு மொழியிலும் இருக்கிறது, தமிழில் மட்டும் இருந்த குறை இதில் இல்லை என்றாள். காலியாக இருந்த கட்டத்தில் குறியைப் போட்டாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோப்பு கோலாலம்பூருக்குப் போய்விட்டது.

வாணி கைப்பையைத் தோளில் மாட்டியவள், கிளம்பாமல் லியோனல் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் ஏற்கெனவே கிணற்றுச் சுவரைத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தான். வெளிவந்த பிறகும் திருத்தி அனுப்பலாம், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கீழே கடையில் கடைசித் தகரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு பூ பாதியில் நின்றது. மறுபாதி ஒரு விரல் தள்ளி ஆரம்பித்தது.

அந்த அம்மா சொன்னது சரிதான்.